பதினேழாம் கேள்வியும் ஒரு புகார்ப் புத்தகமும்

இருபத்திரண்டு வருடமாக அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் ஆட்களை மேலே ஏற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் ஒரே ஒரு மார்க்கில் கவிழ்ந்தார். நாற்பதுக்கு இருபது எடுத்தால் பாஸ். அவருக்கு வந்தது பத்தொன்பது.

லிஃப்ட்காரர் என்றால் உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவர் அல்ல. மெஷின் ரூம் சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் மெக்கானிக். கட்டடத்தின் கிழக்குப் பக்கம் ஒரு பழைய லிஃப்ட், மேற்குப் பக்கம் ஒரு புதிய லிஃப்ட். இரண்டுக்கும் அவர்தான் தாய் தகப்பன்.

தேர்வின் பெயர் தர்க்கத் திறன் தேர்வு. தோட்டக்காரர், கேன்டீன் சமையல்காரர், கழிவறை கழுவுகிறவர் உட்பட அந்த அலுவலகத்தில் எல்லோரும் எழுதியாக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. 'சிந்திக்கத் தெரியாதவர் பொறுப்பில் எதுவும் இருக்கக் கூடாது' என்பது அதன் முதல் வரி. கையெழுத்துப் போட்ட அதிகாரிகளுக்கு மட்டும் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அவர்கள் சிந்திப்பார்கள் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். இதை எழுதுகிறவனும் அந்தக் கட்டடத்தில் தபால் பிரிவில் இருந்து அந்தத் தேர்வை எழுதியவன்தான். எத்தனை மார்க் என்பது இந்தக் கதைக்குத் தொடர்பற்றது.

தோற்றவர் சாவியை ஒப்படைத்துவிட்டு ஃபைல் தூக்கப் போக வேண்டும். அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்து. லிஃப்ட்காரருக்கு ஐம்பத்துநாலு வயது, வலது முழங்காலில் வலி. ஆனால் அவருடைய பெரிய கவலை முழங்கால் அல்ல. பழைய லிஃப்டின் பிரேக் தேய்ந்துபோயிருந்தது. புதிதாக மாற்றித் தரும்படி மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டார். பதில் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை ஸ்பிரிங்கை இறுக்கி, லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும்படி பார்த்துக்கொண்டிருந்தார். எந்த ஸ்பிரிங், எத்தனை சுற்று என்பது அவர் கைக்கு மட்டும் தெரியும். அந்தக் கையைத்தான் இப்போது ஃபைல் தூக்க அனுப்புகிறார்கள்.

விடைத்தாளைப் பார்க்க அனுமதி வாங்கிப் பார்த்தார். பதினேழாம் கேள்வியில் சிவப்புக் குறுக்குக் கோடு. கேள்வி இதுதான்:

'ஒரு கட்டடத்தில் இரண்டு லிஃப்டுகள் உள்ளன. சென்ற ஆண்டு புதிய லிஃப்டைப் பற்றிப் பத்துப் புகார்கள் வந்தன. பழைய லிஃப்டைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. ஆகவே பழைய லிஃப்டே பாதுகாப்பானது. கீழ்க்கண்டவற்றில் எது உண்மையானால் இந்த முடிவு பலவீனமடையும்?

(அ) புதிய லிஃப்டில் கண்ணாடி இருக்கிறது.

(ஆ) பழைய லிஃப்டின் கதவு பச்சை நிறம்.

(இ) புகார்ப் புத்தகம் புதிய லிஃப்டின் அருகில் மட்டுமே தொங்குகிறது.

(ஈ) புதிய லிஃப்டைப் பற்றி வந்த புகார்கள் புதிய லிஃப்டைப் பற்றி வந்தவையே.'

லிஃப்ட்காரர் (இ) போட்டிருந்தார். அதை யோசித்துக்கூடப் போடவில்லை. அந்தக் கேள்வி அவருடைய கட்டடத்தைப் பற்றியது, அந்த லிஃப்டுகள் அவருடைய லிஃப்டுகள், அந்தப் புத்தகத்தைத் தொங்கவிட ஆணி அடித்ததே அவர்தான். புதிய லிஃப்ட் வந்த அன்று ஒரே ஒரு புத்தகம் கொடுத்தார்கள். ஒரே ஒரு ஆணி அடித்தார். பழைய லிஃப்டில் போகிறவன் புகார் எழுத வேண்டுமென்றால் நூற்றிருபது அடி வராந்தாவில் நடந்து மேற்குப் பக்கம் வர வேண்டும். அலுவலகத்துக்குத் தாமதமாக வந்தவன் எவன் நடப்பான்? புதிய லிஃப்டில் வந்த பத்துப் புகாரும் கண்ணாடியில் முகம் கறுப்பாகத் தெரிகிறது, மணிச் சத்தம் காதைக் குடைகிறது என்கிற ரகம்.

விடைப் பட்டியலில் சரியான விடை (ஈ) என்று இருந்தது. லிஃப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். (ஈ)தான்.

ஏழாவது மாடியில் தொடர்புத் தீர்மானப் பிரிவு இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் எந்த விடை தொடர்புடையது, எது தொடர்பற்றது என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. மேஜைமேல் இரண்டு ரப்பர் முத்திரைகள். 'தொடர்புடையது' என்ற முத்திரை கடையிலிருந்து வந்த காகிதத்தோடு புத்தம் புதிதாக இருந்தது. 'தொடர்பற்றது' என்ற முத்திரைக்குப் பிடி உடைந்து, நூல் சுற்றியிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் காதில் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருந்தார். கட்டடம் முழுக்க அவருக்கு அதுதான் பெயர்.

"உட்காருங்க. எந்தக் கேள்வி?" என்றார் சிவப்புப் பென்சில்.

"பதினேழு சார். (இ)தானே சார் சரி? புத்தகமே ஒரு பக்கந்தான் தொங்குது. அப்புறம் இன்னொரு பக்கத்துல இருந்து புகார் எப்படி வரும்?"

சிவப்புப் பென்சில் கேள்வியை விரித்து வைத்துக்கொண்டார். பொறுமையான மனிதர். இந்த விளக்கத்தை அன்று காலையில் மட்டும் பதினோரு பேருக்குச் சொல்லியிருப்பார் என்று குரலிலேயே தெரிந்தது.

"முறையைச் சொல்றேன், கேளுங்க. கேள்வியில என்னென்ன வார்த்தை இருக்கு? கட்டடம், லிஃப்ட், புதிய, பழைய, புகார், பத்து. எல்லாத்துக்கும் கீழ கோடு போட்டாச்சா? இப்ப உங்க விடைக்கு வாங்க. புத்தகம். கேள்வியில புத்தகம் இருக்கா?"

"இல்ல சார்."

"அருகில்? இருக்கா? தொங்குகிறது?"

"இல்ல."

"வெளியில இருந்து மூணு வார்த்தை உள்ள நுழைஞ்சிருக்கு. ஒண்ணு நுழைஞ்சாலே தொடர்பற்றது. உங்களுது மூணு." விடையைச் சுற்றி மூன்று வட்டம் போட்டுக் காட்டினார். "இப்ப (ஈ)யைப் பாருங்க. ஒரு வார்த்தை வெளியில இருந்து வரல. அத்தனையும் கேள்விக்குள்ளயே இருக்கு. நூத்துக்கு நூறு தொடர்பு."

"ஆனா அது ஒண்ணுமே சொல்லலையே சார்."

"சொல்லணும்னு யார் சொன்னா?"

லிஃப்ட்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சார், அது உண்மை. நான்தான் ஆணி அடிச்சேன். வேணும்னா கீழ வந்து பாருங்க."

"அங்கதான் நீங்க தப்புப் பண்றீங்க," என்றார் சிவப்புப் பென்சில், கொஞ்சம் இரக்கத்தோடு. "கேள்வி என்ன கேக்குது? 'எது உண்மையானால்'னு கேக்குது. உங்களுது ஏற்கெனவே உண்மையா இருக்கு. உண்மையா இருக்கறது மறுபடியும் எப்படி உண்மையாகும்? அதுவுமில்லாம, உண்மையா பொய்யான்னு பாக்கறது எங்க வேலை இல்ல. அதுக்குன்னு ஆறாவது மாடியில ஒரு பிரிவு இருந்துச்சு. வருஷக்கணக்கா யாரும் வரலைன்னு மூடிட்டாங்க."

மேல்முறையீடு செய்யலாம் என்றும், அதற்கு ஒரு படிவம் உண்டு என்றும் சொன்னார். படிவம் எட்டுப் பக்கம் இருந்தது.

அன்று மாலை லிஃப்ட்காரர் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். ஆணி அடித்த கதை, வராந்தாவின் நீளம், பிரேக், நாலு பக்கம் நெஞ்சைக் கொட்டி எழுதினார். மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது. ஒவ்வொரு வரியிலும் 'தொடர்பற்றது'. தேதியின் மேல்கூட ஒன்று விழுந்திருந்தது. 'ஐயா' என்று தொடங்கியிருந்தார், அதன் மேல் இரண்டு.

அவர் மனைவி பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற இடத்தில் வெட்டு மேஜையில் வேலை செய்கிறவள். கையில் அளவு நாடாவோடு வந்து படிவத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

"எல்லாம் தொடர்பற்றதாம்."

"அவங்ககிட்ட என்ன துணி இருக்கோ அதுலதான் வெட்டணும். அவங்க கேள்வியில இருக்கற வார்த்தையை மட்டும் வச்சு எழுதிக் கொடுங்க. வேற ஒண்ணும் போடாதீங்க."

"அப்படி எழுதினா அர்த்தம் இருக்காதேம்மா."

"அர்த்தத்தை யாரு கேட்டா? உள்ள போறதுக்கு வழி பாருங்க முதல்ல."

அவளே உட்கார்ந்து வார்த்தைகளை வெட்டிச் சேர்த்தாள். இரண்டாவது மேல்முறையீடு இப்படி அமைந்தது: 'பழைய லிஃப்ட் பாதுகாப்பானது ஆகவே புதிய லிஃப்ட். கட்டடத்தில் புகார்கள் உள்ளன. ஒரு ஆண்டு பத்து. பழைய புகார் வரவில்லை, புதிய புகார் வந்தன. ஆகவே முடிவு பலவீனமடையும்.' லிஃப்ட்காரர் அதை மூன்று முறை படித்துப் பார்த்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான்காம் நாள் பதில் வந்தது: 'தங்கள் மனு முற்றிலும் தொடர்புடையது எனக் கண்டறியப்பட்டு விசாரணைக்கு ஏற்கப்படுகிறது.' புது முத்திரையை முதல் முறையாகப் பயன்படுத்தியிருந்தார்கள். எழுத்தெல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தது.

இதற்குள் வேறு ஒரு சங்கதி நடந்துவிட்டது. தேர்வுத் தாளைக் கோப்பில் சேர்க்கும்போது யாரோ ஒரு மேலதிகாரி பதினேழாம் கேள்வியைப் படித்திருக்கிறார். 'ஆகவே பழைய லிஃப்டே பாதுகாப்பானது' என்று அலுவலகத்தின் அதிகாரபூர்வமான தாளிலேயே அச்சாகியிருக்கிறது. உடனே சுற்றறிக்கை. அனைவரும் இனிப் பழைய லிஃப்டையே பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். காலை ஒன்பதரை மணிக்குக் கிழக்குப் பக்கம் வரிசை வாசல் வரை நின்றது. நல்ல லிஃப்ட் மேற்குப் பக்கம் கண்ணாடியும் மணியுமாகக் காலியாக ஏறி இறங்கியது.

லிஃப்ட்காரர் ஃபைல் கட்டோடு நின்று வரிசையை எண்ணினார். தேய்ந்த பிரேக்கில் அவ்வளவு பாரம்.

சாவி இப்போது முழு மார்க்கிடம் இருந்தது. ஸ்டோரில் பேரேடு எழுதிக்கொண்டிருந்த, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான நாற்பது வயது ஆள். நாற்பதுக்கு நாற்பது எடுத்ததால் அந்தப் பெயர். எப்படி எடுத்தார் என்று கேட்டதற்கு, கேள்வியையே படிக்கவில்லை, எந்த விடையில் கேள்வியின் வார்த்தைகள் அதிகமோ அதைப் போட்டேன் என்றார். பாவம், பொய் சொல்லத் தெரியாதவர். முதல் நாளே மாடிப்படியில் லிஃப்ட்காரரை மடக்கினார்.

"அண்ணே, மேல போய்ப் பாத்தேன். ஒரு சக்கரம், ஒரு பெரிய டப்பா, நெறைய ஒயரு. எனக்கு உசுரே போயிடுச்சு. எதைத் தொடணும்?"

"எதையும் தொடாதீங்க."

"அந்த ஸ்பிரிங் ஏதோ சொல்வீங்களே?"

"வலது பக்கம் இருக்கறது. கால் சுத்துதான். அதுக்கு மேல போனா பிரேக் பிடிச்சுக்கிட்டு விடாது. நான் வந்து காட்டறேன்னா மெஷின் ரூமுக்குள்ள எனக்கு அனுமதி இல்ல."

"நீங்க வெளிய நில்லுங்கண்ணே. நான் கதவத் தொறந்து வச்சுக்கிட்டுச் செய்றேன்."

அப்படியே செய்தார்கள். பயத்தில் முழு மார்க் கால் சுற்றுக்குப் பதில் அரைக்கால் சுற்றுத்தான் சுற்றினார். வாசலுக்கு வெளியே நின்ற லிஃப்ட்காரருக்குத் தூரத்தில் அது தெரியவில்லை.

விசாரணை எட்டாவது மாடியில் நடந்தது. இயக்குநர் அம்மா நடுவில், சிவப்புப் பென்சில் பக்கத்தில். லிஃப்ட்காரர் சலவைச் சட்டை போட்டு, எழுந்து நின்றார்.

"உங்க மனுவைப் படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க," என்றார் இயக்குநர் அம்மா. "இவ்வளவு தொடர்போட ஒரு மனு இந்தப் பிரிவுக்கு வந்ததே இல்ல. என்ன சொல்ல வரீங்க?"

"அம்மா, புத்தகம் ஒரு பக்கம்..."

சிவப்புப் பென்சில் இருமினார். லிஃப்ட்காரர் நிறுத்திக்கொண்டு வேறு வழியில் வந்தார். "அம்மா, எனக்கு மார்க்கு போனாலும் போகட்டும். பழைய லிஃப்டுல பிரேக் தேஞ்சிருக்கு. ஜனங்களை அதுல ஏத்தாதீங்க."

"பிரேக்," என்று சொல்லிப் பார்த்துவிட்டு, சிவப்புப் பென்சில் கேள்வித்தாளில் தேடினார். "இல்லம்மா."

இயக்குநர் அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் பேச்சு மட்டும் இருபது நிமிடம் நடந்தது. அதில் கையில் தங்கியது இவ்வளவுதான்: "உங்களை மாதிரி அனுபவசாலிங்ககிட்ட இதுதான் பிரச்சினை. நீங்க கேள்விக்கு வெளியில இருக்கறதையெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. ஒண்ணுமே தெரியாதவர் வந்து எழுதறார், நாப்பதுக்கு நாப்பது எடுக்கறார். ஏன்? அவர் மனசு சுத்தமா இருக்கு. நாங்க இந்தத் தேர்வை வச்சதே சிந்திக்கறவங்களைக் கண்டுபிடிக்கத்தான். கண்டுபிடிச்சு, அவங்களை ஒதுக்கிட்டா, அப்புறம் நிர்வாகம் சுலபம்." கடைசி வாக்கியம் சரியாக வந்ததா என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும், பக்கத்தில் திரும்பினார். சிவப்புப் பென்சில் தலையாட்டினார். தீர்ப்பு மூன்று நாளில் வரும் என்று சொல்லி எழுந்தார்கள்.

சுற்றறிக்கையை மதித்து இருவரும் கிழக்குப் பக்கம் போய்ப் பழைய லிஃப்டில் ஏறினார்கள். லிஃப்ட்காரர் படியில் இறங்கத் தொடங்கினார். ஒரு மாடி இறங்கியிருப்பார், 'கடக்' என்று ஒரு சத்தம். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கேட்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த சத்தம் அது. மூன்றாவது மாடியில் நிற்க வேண்டிய லிஃப்ட் நிற்காமல் வழுக்கி, தண்டவாளத்தைக் கவ்வும் கொக்கி பிடித்து, மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே தொங்கியது. உள்ளேயிருந்து இயக்குநர் அம்மாவின் கூச்சல் எட்டு மாடிக்கும் கேட்டது.

முழு மார்க் எங்கிருந்தோ ஓடி வந்து சாவியை லிஃப்ட்காரர் கையில் திணித்தார். "அண்ணே, நீங்களே பாருங்கண்ணே. என்னால முடியாது."

"நீங்க கீழ போய் ரெண்டாவது மாடிக் கதவுகிட்ட நில்லுங்க. தரை சமமா வந்ததும் கத்துங்க. அதுவரைக்கும் யாரும் கதவைத் தொடக் கூடாது."

முழங்கால் வலியை மறந்து முதலில் மூன்றாவது மாடிக்கு இறங்கினார். அங்கே லிஃப்ட் கதவின் இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க. கொக்கி பிடிச்சிருக்கு. கீழ விழாது. பத்து நிமிஷம்," என்றார்.

"யாரது?" என்றது உள்ளேயிருந்து இயக்குநர் அம்மாவின் குரல்.

"நான்தாங்க. மேல்முறையீடு."

"உங்களுக்கு மெஷின் ரூமுக்குள்ள போக அனுமதி இல்லையே?"

இருட்டுக்குள்ளிருந்து சிவப்புப் பென்சிலின் குரல் கெஞ்சலாக வந்தது: "அம்மா, அது இப்ப தொடர்பற்றதும்மா!" அந்த வார்த்தை அந்தக் கட்டடத்தில் சரியான இடத்தில் வந்து விழுந்தது அது ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

லிஃப்ட்காரர் மெஷின் ரூமுக்கு ஏறிப் போய் மின்சாரத்தை நிறுத்தி, கைச்சக்கரத்தை மாட்டி, முதலில் பெட்டியை ஒரு சாண் மேலே தூக்கிக் கொக்கியை விடுவித்தார். பிறகு பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, விரல் விரலாகக் கீழே இறக்கினார். முழு மார்க் கீழேயிருந்து கத்தினார். கதவு திறந்தது. இயக்குநர் அம்மா முகம் வெளுத்து, ஒரு செருப்போடு வெளியே வந்தார்.

வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "புகார்ப் புத்தகம் எங்க?"

"மேற்குப் பக்கம், புது லிஃப்ட்கிட்டம்மா," என்றார் முழு மார்க்.

பழைய லிஃப்டில் வந்து, அந்த நூற்றிருபது அடி வராந்தாவை நடந்து கடந்து புகார் எழுதப் போன முதல் ஆள் அவர்தான். சிவப்புப் பென்சில் பின்னால் ஓடினார். மேலேயிருந்து இறங்கி வந்த லிஃப்ட்காரரும் நொண்டிக்கொண்டே போனார். இயக்குநர் அம்மா புத்தகத்தைப் பிரித்து எழுதினார்: 'லிஃப்ட் நடுவழியில் நின்றது. உயிருக்கே ஆபத்து. கடும் நடவடிக்கை தேவை.'

லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார். "அம்மா, எந்த லிஃப்ட்னு எழுதலையே."

"தனியா எழுத வேண்டியதில்ல," என்றார் சிவப்புப் பென்சில். "புத்தகம் எங்க தொங்குதோ அந்த லிஃப்ட் மேலதான் புகார். அப்படித்தான் எண்ணுவோம்."

லிஃப்ட்காரர் ஆணியைக் காட்டினார். "அப்போ புத்தகம் எங்க தொங்குதுங்கறது முக்கியம்தானே சார்?"

"எண்றதுக்கு முக்கியம். கேள்விக்குத் தொடர்பற்றது."

மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. 'மனுதாரரின் மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது. விசாரணைக்குப் பிறகு புதிய லிஃப்டைப் பற்றிப் பதினோராவது புகாரும், அதுவும் மிகக் கடுமையான புகாரும் வந்துள்ளது. இதனால் பழைய லிஃப்டே பாதுகாப்பானது என்ற முடிவு மேலும் வலுப்பெறுகிறது. புதிய லிஃப்ட் இன்று முதல் நிறுத்தப்படுகிறது.' கீழே இயக்குநர் அம்மாவின் கையெழுத்து.

லிஃப்ட்காரர் தாளைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் அறைக்கே போய்விட்டார். "அம்மா, நீங்க மாட்டிக்கிட்டது பழைய லிஃப்டுல. நான்தானே இறக்கி விட்டேன்."

இயக்குநர் அம்மா கோபப்படவில்லை. "எனக்குத் தெரியாதா? அது எனக்கு ஏற்பட்ட அனுபவம். அனுபவம் வேற, புகார் வேற. கோப்புல இருக்கறது புகார். கோப்புல இல்லாததை வச்சு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?"

"பழைய லிஃப்டுல நீங்க போவீங்களாம்மா?"

"நான் படியில போறேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்."

அன்று வீட்டுக்கு வந்த லிஃப்ட்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அலுத்துப்போயிருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி, காட்ட வேண்டியதையெல்லாம் காட்டி, கடைசியில் அவர் காட்டியதே அவருக்கு எதிராக ஒரு எண்ணாகக் கூடிவிட்டது. நாளைக் காலையில் முன்னூறு பேர் அந்தப் பிரேக்கில் ஏறுவார்கள்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சோற்றைப் போட்டாள். "புத்தகம் எங்க தொங்குதோ அந்த லிஃப்டுன்னு அவரே சொன்னாரா?"

"ஆமா."

"அப்ப பேசிப் பேசி ஏன் தொண்டையைக் கிழிச்சுக்கறீங்க? உங்ககிட்ட சுத்தியல் இருக்கில்ல?"

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, லிஃப்ட்காரர் ஃபைல் கட்டை ஓரமாக வைத்துவிட்டு மேற்குப் பக்கச் சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கினார். வராந்தாவைக் கடந்து வந்து, பழைய லிஃப்டின் அருகில், கண் மட்டத்தில், அதே ஆணியை அடித்துப் புத்தகத்தைத் தொங்கவிட்டார். ஒரு பென்சிலையும் நூலில் கட்டி விட்டார்.

ஒன்பது நாளில் நாற்பத்தொரு புகார். குலுங்குகிறது, வழுக்குகிறது, மூன்றாவது மாடியில் இறங்கினால் தரை முழங்கால் உயரத்தில் இருக்கிறது, இரண்டு பேர் தடுக்கி விழுந்தார்கள், ஒருவர் தான் படித்த எல்லாப் பிரார்த்தனையையும் எழுதியிருந்தார். தொடர்புத் தீர்மானப் பிரிவு அவசரமாகக் கூடியது. பழைய லிஃப்ட் நிறுத்தப்பட்டது, புதியது ஓட ஆரம்பித்தது, பிரேக் வாங்க அனுமதி பறந்து வந்தது. முழு மார்க் நட்டைக் கழற்ற, லிஃப்ட்காரர் வாசலுக்கு வெளியே ஃபைல் கட்டின் மேல் உட்கார்ந்து வழி சொன்னார். இந்தத் தடவை கதவுக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். வேலை சுத்தமாக முடிந்தது. ஆணி எப்படி இடம் மாறியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்கு ஆறாவது மாடியில் ஆள் இல்லை.

ஒரு வருடம் ஃபைல் தூக்கினார். முழங்கால் வீங்கி வடிந்து மறுபடியும் வீங்கியது. பிறகு தேர்வு வந்தது. பதினேழாம் கேள்வியைத் திருத்தி அமைத்திருந்தார்கள்:

'சென்ற ஆண்டு பழைய லிஃப்டைப் பற்றி நாற்பத்தொரு புகார்கள் வந்தன. புதிய லிஃப்டைப் பற்றி அதன்பின் ஒரு புகாரும் வரவில்லை. ஆகவே புதிய லிஃப்டே பாதுகாப்பானது. எது உண்மையானால் இந்த முடிவு பலவீனமடையும்?'

(இ) புகார்ப் புத்தகம் பழைய லிஃப்டின் அருகில் மட்டுமே தொங்குகிறது. (ஈ) பழைய லிஃப்டைப் பற்றி வந்த புகார்கள் பழைய லிஃப்டைப் பற்றி வந்தவையே.

முடிவு அவர் ஆசைப்பட்ட முடிவுதான். அது சரியான முடிவு என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த முடிவுக்கு வந்த வழி போன வருடம் போலவே ஓட்டை வழி, ஓட்டையைப் போட்டவர் அவரே. பேனா (இ)யின் மேல் வெகுநேரம் நின்றது. எதிரே சுவர்க் கடிகாரம் ஓடியது. முழங்கால் விண் விண் என்று தெறித்தது. (ஈ)க்கு நேராகக் குறி போட்டுவிட்டு, மை காயும்வரை அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருபது மார்க். பாஸ். முழு மார்க் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது இரண்டு கைகளாலும் கொடுத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாவி கைக்கு வந்த அன்று லிஃப்ட்காரர் முதலில் மெஷின் ரூமுக்குப் போகவில்லை. வெளியே போய் ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் ஆணியும் வாங்கி வந்தார். மேற்குப் பக்கச் சுவரில், பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே அடித்தார். இப்போது இரண்டு லிஃப்டுக்கும் இரண்டு ஆணி, இரண்டு புத்தகம். இனி எதில் எத்தனை புகார் வந்தாலும் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும். ஒரு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்து, யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு, கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இரண்டு வருடத் தேர்விலும் பதினேழாம் கேள்விக்குச் சரியான விடை (இ).'

மறுநாள் காலை வந்து பார்த்தார். அந்த வரியின் மேல் நூல் சுற்றிய முத்திரை சாய்வாக விழுந்திருந்தது: தொடர்பற்றது. பக்கத்தில் சிவப்புப் பென்சிலில், எண்ணிக்கைக் கட்டத்துக்குள்: 'புதிய லிஃப்ட், புகார் ஒன்று.'